பேதி இல்லாமல் வாந்தி மட்டும் வந்தால்?

உங்கள் நீண்ட கடிதம் கிடைத்தது, அம்மா. அதில் நான் இரண்டு முறை படித்தது, கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருந்த வரியை: "போன வாரம் இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். வீட்டில் இருந்த வாந்தி சிரப்பைக் கொடுத்தேன், நின்றுவிட்டது." ஒன்பது மாதக் குழந்தை, தலையில் நீர் கோத்து ஷன்ட் வைத்து மூன்று மாதம். இந்த முறை தப்பித்தீர்கள். அடுத்த முறை மருத்துவர் பார்க்கும் முன் சிரப் வேண்டாம்.

மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்குள் இறக்கிவிடுகிற மெல்லிய குழாய்தான் ஷன்ட். அது அடைத்துக்கொண்டால் தலைக்குள் அழுத்தம் ஏறும். பேச்சு வராத குழந்தையிடம் பல சமயம் அது முதலில் வாந்தியாகத்தான் தெரியும். வயிற்றுக் கோளாறு என்றால் பெரும்பாலும் பேதியும் சேர்ந்துகொள்ளும். வாந்தி எடுத்ததும் குழந்தை கொஞ்சம் தெளிந்து விளையாடும். அடைப்பில் அப்படி இல்லை. வாந்தி திரும்பத் திரும்ப வரும், குழந்தை மந்தமாகிக்கொண்டே போகும். பாலுக்கு எழுப்பினால் இரண்டு வாய் சப்பிவிட்டு மறுபடி கண் சொருகும்.

உச்சிக்குழியையும் பாருங்கள். குழந்தை அழாமல் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது விரலை வைத்தால் மெத்தென்று தட்டையாகவோ, சற்று உள்வாங்கியோ இருக்க வேண்டும். அப்போதும் விறைத்துப் புடைத்திருந்தால், அல்லது கருவிழி கீழே இறங்கி மேல்பக்கம் வெள்ளை தெரிந்தால், வலிப்பு வந்தால், நள்ளிரவாக இருந்தாலும் கிளம்புங்கள். எல்லா அறிகுறியும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாந்தியும் மந்தமும் மட்டுமே போதும். அழும்போது உச்சிக்குழி புடைப்பது எல்லாக் குழந்தைக்கும் உள்ளதுதான்.

மூளை அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள், முடிந்தால் ஷன்ட் வைத்த இடத்துக்கே. உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தை "ஷன்ட் வைத்த குழந்தை" என்பதாக இருக்கட்டும். பழைய ஸ்கேனைக் கையோடு கொண்டுபோங்கள். ஒப்பிட்டுப் பார்க்காமல் புது ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு சொல்வது கடினம். ஸ்கேனில் பெரிய மாற்றம் தெரியாமலேயே ஷன்ட் அடைத்திருப்பதும் உண்டு. அதனால் "என் குழந்தை வழக்கம்போல இல்லை" என்று உங்களுக்குப் பட்டால் தயங்காமல் அதைச் சொல்லுங்கள்.

காய்ச்சலுக்கும் ஒரு வார்த்தை. ஷன்ட்டில் கிருமி தொற்றுவது பெரும்பாலும் அறுவைக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில்தான். நீங்கள் இப்போது அந்தக் காலத்தில் இருக்கிறீர்கள். காரணம் தெரியாத காய்ச்சல், குழாய் போகும் வழியில் சிவப்பு, தையலில் கசிவு என்றால் உடனே காட்டுங்கள். மிச்சம் இருந்த ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டு வந்தால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது எங்களுக்குத் திண்டாட்டம்.

கடிதத்தில் நீங்கள் கேட்ட மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தையல் நன்றாக ஆறியிருந்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் படுக்கட்டும். தூக்கலாம், குளிப்பாட்டலாம். தடுப்பூசிகளை நிறுத்த வேண்டியதில்லை. கழுத்தில் கயிறுபோல் தட்டுப்படுவது குழாய், காதுக்குப் பின்னால் உள்ள மேடு நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, கட்டி இல்லை. ஆனால் வீடியோவில் யாரோ காட்டினார் என்று அந்த வால்வை அமுக்கிப் பார்க்கிறீர்களே, அதை இன்றோடு விடுங்கள் அம்மா. தண்ணீரை வற்ற வைக்கும் மாத்திரை என்று இணையத்தில் படித்ததையும் மறந்துவிடுங்கள். ஷன்ட் செய்யும் வேலையை எந்த மாத்திரையும் செய்யாது. வெளியிலிருந்து அழுத்தத்தை மாற்றி அமைக்கும் வகை வால்வா என்று மட்டும் அடுத்த முறை கேளுங்கள். அப்படியானால் காந்தம் உள்ள பொம்மைகள் தலைப்பக்கம் வேண்டாம். எம்ஆர்ஐ எடுத்தால் வால்வில் வைத்த அழுத்த அளவை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கலாம்.

தினம் மூன்று வேளை தலையை அளக்கிறீர்களாம். டேப் அரை விரல் நகர்ந்தாலே அளவு மாறும், அன்று முழுக்க உங்களுக்குத் தூக்கம் போகும். வாரம் ஒரு முறை போதும். ஒரே ஆள், ஒரே டேப், புருவத்துக்குச் சற்று மேலிருந்து பின்மண்டை அதிகம் துருத்தும் இடம் வரை சுற்றி அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். பகலில் குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறார் என்கிறீர்கள். அந்த மந்தத்தை முதலில் பார்க்கப்போவது அவராகத்தான் இருக்கும். "நன்றாகத் தூங்குகிறாள், எழுப்பாதே" என்று விட்டுவிடாமல் இருக்க, இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.