சீன எழுத்து தெரிகிறது, சொல் எங்கே முடிகிறது?

கேள்வி: இரண்டு வருடமாகச் சீனம் படிக்கிறேன். எழுத்துகள் தெரிகின்றன. ஆனால் இடைவெளியே இல்லாத வரியில் எது கூட்டுச்சொல் என்று பிடிபடவில்லை. சீனர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் அவர்கள் பிரிப்பதே இல்லை. சொல் ஏற்கெனவே காதில் இருக்கிறது, கண் அதைக் கண்டுகொள்கிறது. 2008இல் வெளிவந்த கண்ணசைவு ஆய்வு ஒன்றில், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டும் சீனர்களின் வாசிப்பு வேகம் கூடவில்லை, குறையவுமில்லை. எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டதும் தடுமாறினார்கள்.

'யென் ஜியூ ஷெங் மிங் சீ யுவான்' என்ற ஆறு எழுத்துகளைப் பாருங்கள். முதல் இரண்டும் சேர்ந்தால் 'ஆராய்தல்'. மூன்றாவதையும் சேர்த்தால் 'முதுநிலை மாணவர்'. மாணவர் என்று வெட்டினால் 'மிங்' ஒட்டாமல் தனியே நிற்கும். 'ஷெங்மிங்' என்று சேர்த்தாலோ அது 'உயிர்'. 'உயிரின் தோற்றத்தை ஆராய்தல்' என்று வரி முழுதும் பொருள் கொடுத்துவிடும். 'செம்பொன்பதின்றொடி'யில் (தொடி என்பது பழைய எடை அளவு) செம்பொன் பத்தா, செம்பு ஒன்பதா என்று நாம் இடம் பார்த்து முடிவு செய்வது போலத்தான்.

சந்தேகம் வந்தால் நடுவே 'தெ' (முன் சொல்லைப் பின் சொல்லோடு இணைக்கும் சிறு சொல்) போட்டுப் பாருங்கள். 'பாய் ஹுவா' வெள்ளைப் பூ. 'பாய் தெ ஹுவா' என்றாலும் அதே பூதான். 'பாய்ட்ஸாய்' சீன முட்டைக்கோஸ். நடுவே 'தெ' வந்தால் ஏதோ ஒரு வெள்ளைக் காய்கறி ஆகிவிடும். இப்படிப் பொருள் மாறினால் அது ஒரே சொல். ஒலியும் சில இடங்களில் காட்டிக்கொடுக்கும். 'தோங்ஷி'யில் இரண்டையும் உயர்த்திச் சொன்னால் கிழக்கும் மேற்கும். 'ஷி'யை லேசாக விட்டால் 'பொருள்'. வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் 'ஹூதியே'யைப் பிரிக்கவே வேண்டாம், அதில் 'ஹூ'வுக்குத் தனிப்பொருள் கிடையாது.

'ஷுய்ஜியாவ்' (தூங்குதல்) போன்றவைதான் உண்மையான தலைவலி. அகராதியில் ஒரே சொல், பேச்சிலோ 'ஷுய் லெ யீ கெ ஜியாவ்' என்று நடுவே பிரிந்துவிடும். நாம் 'ஒரு தூக்கம் தூங்கினேன்' என்கிறோமே, அப்படி. இது ஒரு சொல்லா இரண்டா என்று கேட்டால் சீனர்களே ஒத்துப்போக மாட்டார்கள். அதனால் அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

சரி, தினமும் என்ன செய்வது? குறிப்பேட்டில் தனி எழுத்து எழுதுவதை நிறுத்திவிட்டு முழுச் சொல்லாக எழுதுங்கள். பாடத்தின் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே, சொல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அப்புறம் அதே பாடத்தைக் கோடில்லாத பக்கத்தில் உரக்கப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் உங்களுக்குத் தெரியாத ஒரு சொல் இருக்கும், அதை அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள்.