பின் வீலைக் கழற்றியபோதே பார்த்திருக்கலாம்

கேள்வி: என்னுடையது 2016-ல் வாங்கிய ஸ்பிளெண்டர். 48,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன மாதம் பின் டயரும் ட்யூபும் புதிதாகப் போட்டேன். அதிலிருந்து ஆக்சிலரேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் பின்னால் 'டொக்' என்று ஒரு அடி. டயரில் குறை இல்லை என்கிறார் கடைக்காரர். என்னதான் செய்வது?
- வாசகர், அரியலூர்

பதில்: கடைக்காரர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். டயர் ரிம்மில் சரியாக உட்காராமல் இருந்தால் வேகம் கூடக் கூட அடியும் சீராக வேகமாகும். உங்களுக்கோ திருகும்போதும் விடும்போதும் மட்டும்தான் அடிக்கிறது. எனக்கு ஹப் ரப்பர், அதாவது வீலின் நடுப்பாகத்துக்குள் இருக்கும் ரப்பர் மேல்தான் சந்தேகம்.

செயின் இழுக்கிற இழுப்பு நேராக வீலுக்குப் போவதில்லை. செயின் சுற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட் மாட்டியிருக்கும் தட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே ரப்பர் கட்டைகள் இருக்கின்றன; அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்வது அவைதான். வருடக்கணக்கில் நசுங்கி இடைவெளி விழுந்துவிட்டால் இரும்பு இடித்து 'டொக்' என்னும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கியரில் வைத்து, பின் டயரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஸ்பிராக்கெட் அசையாமல் வீல் மட்டும் ஆடினால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். டயர் மாற்றிய பிறகு ஏன் ஆரம்பித்தது என்றால், இடைவெளியை அடைக்க முன்பு யாராவது ட்யூப் துண்டு செருகியிருப்பார்கள், வீலைக் கழற்றும்போது அது விழுந்திருக்கும். ட்யூப் துண்டு வைப்பது வைத்தியமே இல்லை, சில மாதத்தில் பிசுபிசுத்துப் போய்விடும். புது செட்டாகவே வாங்கிப் போடுங்கள்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், அந்த ரப்பர் போன மாதமே கண்ணுக்கு எதிரில் இருந்தது. உங்கள் வண்டியில் ஸ்பிராக்கெட்டும் செயினும் அப்படியே நிற்க, வீல் மட்டும் தனியாக வந்துவிடும். ஹப்பைத் திருப்பிப் பார்த்தாலே கட்டைகள் தெரியும். விரலால் இழுத்தால் நல்ல ரப்பர் அசையாது. போனது சுலபமாக வந்துவிடும். ரப்பர் மாற்ற எப்படியும் வீலைக் கழற்றத்தான் போகிறீர்கள். இந்தமுறை பக்கத்திலேயே நின்று மற்றதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹப்பின் நடுவில் இருக்கும் பேரிங்கின் உள்வளையத்தில் விரலை விட்டுச் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். மணல் அரைப்பதுபோல விரலுக்குத் தெரிந்தால் இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள். வீல் சுற்றும் அச்சான ஆக்சிலில் காய்ந்து ஒட்டியிருக்கும் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதிது மெல்லியதாகத் தடவ வேண்டும். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் கருந்தூளை காற்றடித்து ஊதாதீர்கள், மூக்குக்குள் போகும். ஈரத் துணியால் துடையுங்கள். பிரேக் ஷூவில் லைனிங் 2 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

மாட்டும்போது ஒன்றை மட்டும் எவ்வளவு அவசரத்திலும் விடாதீர்கள். பிரேக் பிளேட்டைப் பிடித்து நிறுத்தும் டென்ஷன் ராடு இருக்கிறதே, அதன் நட்டும், நட்டு கழலாமல் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின்னும். சில வருடங்களுக்கு முன் ஒரு வண்டியை என் பட்டறைக்கு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். டயர் மாற்றிய இடத்தில் ஸ்பிளிட் பின் போடாமல் விட்டிருக்கிறார்கள். நட்டு எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் பிளேட் டிரம்மோடு சேர்ந்து சுழன்று, பிரேக் கம்பி கொக்கிபோல வளைந்து, வீல் இறுகிவிட்டது. ஓட்டிய பையனுக்கு முழங்கை எலும்பு முறிந்தது. அந்த வளைந்த கம்பியை இன்னும் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறேன், வேலை பழக வரும் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று. ஸ்பிளிட் பின் விலை சில ரூபாய்தான். பழையதை நிமிர்த்திப் போடாமல் புதிதே போடுங்கள்.

இன்னொன்று. ஆக்சில் நட்டை முழுசாக இறுக்கும் முன் பிரேக் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஷூ டிரம்முக்கு நடுவில் உட்காரும், பிரேக் ஒரே சீராகப் பிடிக்கும். செயின் இறுக்கத்தை மாற்றியிருந்தால், ஆக்சிலின் இரண்டு பக்கமும் இருக்கும் அளவுக் கோடுகள் ஒரே எண்ணிக்கையில் இருக்கின்றனவா, செயினின் நடுவில் 20 முதல் 30 மி.மீ. வரை தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: புது டயர் என்று சொல்லி கடையில் பழைய ஸ்டாக்கைக் கொடுத்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, தேனி

பதில்: டயர் பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. ரிம்மில் ஏற்றும் முன்பே பார்த்துவிடுங்கள் அம்மா, ஏற்றிய பிறகு கடைக்காரர் திருப்பி வாங்கமாட்டார். அம்புக்குறி போட்டிருந்தால் அது வீல் உருளும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், அதையும் அப்போதே கவனியுங்கள்.