உங்கள் காலத்துப் பாட்டு எது?

கேள்வி: 1988-ல், எனக்குப் பதினைந்து வயதானபோது, அண்ணன் கொடுத்த கேசட்டில் லெட் செப்பலின், பிங்க் ஃபிளாய்ட், டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுக்களைக் கேட்டேன். அதைத் தாண்டிப் போகும் தேவை இன்றுவரை வரவில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகள் கேட்பதெல்லாம் கம்ப்யூட்டர் போடும் சத்தம். 1980-க்குப் பிறகு ராக் செத்துவிட்டது என்று சொன்னால் சண்டைக்கு வருகிறாள். எங்கள் காலத்து இசையின் அருமையை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: ‘எங்கள் காலத்து இசை’ என்கிறீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம் வந்தது 1971-ல். டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ 1972. பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973. நீங்கள் அந்த கேசட்டைப் போட்டபோது இந்த ஆல்பங்களுக்கும் கிட்டத்தட்ட உங்கள் வயதுதான். டிரம்ஸ் வாசித்த ஜான் பானம் 1980-ல் இறந்து, செப்பலின் கலைந்து, எட்டு வருடம் ஆகியிருந்தது. நீங்கள் கேட்டது உங்கள் காலத்து இசை அல்ல ஐயா, உங்கள் அண்ணன் காலத்து இசை.

உங்கள் காலத்து இசை எது என்று நான் சொல்லட்டுமா? அதே 1988-ல் பிக்ஸீஸ் ‘சர்ஃபர் ரோசா’வை வெளியிட்டார்கள். சோனிக் யூத்தின் ‘டேட்ரீம் நேஷன்’ வந்தது. மெட்டாலிகாவின் ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ வந்தது. ராப் குழுவான பப்ளிக் எனிமியின் மிகப் பெரிய ஆல்பமும் அந்த வருடம்தான். இத்தனையும் உங்கள் பதினைந்தாவது வயதில் உங்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. நீங்கள் கவனிக்கவில்லை. யாராவது போட்டுக் காட்டியிருந்தாலும் ‘என்னப்பா இது சத்தம்’ என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தன் வயதுள்ள ஒரு ஆல்பத்தை ஒரு பதினைந்து வயதுப் பையன் உயிராகப் பிடித்துக்கொண்டான் என்பது சந்தோஷமான விஷயம். உங்கள் மகளிடம் நீங்கள் எதிர்பார்ப்பதும் அதுதானே? அது உங்களுக்கு எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். அண்ணன் கேசட்டைக் கையில் கொடுத்தார். ‘நீ கேட்பதெல்லாம் குப்பை, இதைக் கேள்’ என்று சொல்லிக் கொடுத்தாரா? அப்படிச் சொல்லியிருந்தால் வாங்கியிருப்பீர்களா?

சரி, ‘1980-க்குப் பிறகு செத்துவிட்டது’ என்ற விஷயத்துக்கு வருவோம். 1969 என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? உட்ஸ்டாக் இசைவிழா, பீட்டில்ஸின் ‘ஆபி ரோடு’, செப்பலினின் முதல் இரண்டு ஆல்பங்கள். அந்த வருடம் அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகையின் ஆண்டுப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு எது தெரியுமா? ‘சுகர், சுகர்’. பாடியவர்கள் தி ஆர்ச்சீஸ். டிவி கார்ட்டூனில் வரும் குழு அது. நிஜத்தில் அப்படி ஒரு குழுவே கிடையாது. ஸ்டுடியோ பாடகர்கள் பாடிக்கொடுத்தார்கள். (பாட்டு மோசமில்லை. எனக்கே பிடிக்கும்.) நாள் முழுக்க ரேடியோவில் அதைக் கேட்டுச் சலித்துப்போன ஒருவர் ‘ராக் செத்துவிட்டது’ என்று 1969-லேயே சொல்லியிருக்கலாம். அதே வருடம் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை செப்பலினின் முதல் ஆல்பத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது. நானும் பத்திரிகைக்காரன் என்பதால் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் கைக்கு வந்த கேசட்டில் ‘சுகர், சுகர்’ இல்லை. அண்ணன், அண்ணனின் நண்பர்கள், அவர்களுக்கு முன்னால் வேறு யார் யாரோ கேட்டு, கழித்து, மிச்சம் வைத்தது அது. மகளின் போனில் இருப்பது நேற்று வந்தது. இன்னும் யாரும் சல்லடையில் போட்டுச் சலிக்காதது. பல வருடம் சலித்து எடுத்ததையும் இன்றைய மொத்தக் குவியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, பார் எது சுத்தம் என்று கேட்கிறீர்கள்.

அடுத்து ‘கம்ப்யூட்டர் போடும் சத்தம்’. இதற்கு நீங்கள் கும்பிடும் செப்பலினையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘வென் தி லெவி பிரேக்ஸ்’. அந்த டிரம்ஸ் எப்படி வந்தது? இங்கிலாந்தில் ஹெட்லி கிரேன்ஜ் என்ற பழைய பெரிய வீடு. அதன் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வைத்தார்கள். மேலே படிக்கட்டிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார்கள். பானம் அடித்த ஒவ்வொரு அடியும் சுவரில் மோதி மேலே ஏறிப் போய் மைக்கில் விழுந்தது. அதோடு விட்டார்களா? அந்தச் சத்தத்தை எதிரொலிக் கருவி வழியாக அனுப்பினார்கள். அப்புறம் டேப்பின் வேகத்தைக் குறைத்து மொத்தப் பாட்டையும் கனமாக்கினார்கள். நீங்கள் ‘இயற்கையான டிரம்ஸ்’ என்று நினைத்துக் கேட்பது அன்றைய மெஷின்களை வைத்து முடிந்த அளவுக்குத் திருகி எடுத்த சத்தம். அன்றைக்குக் கையில் லேப்டாப் இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்களா?

அதே பாட்டில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அது செப்பலினின் சொந்தப் பாட்டு இல்லை. 1927-ல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊர் ஊராக மூழ்கடித்தது. அந்த வெள்ளத்தை வைத்து 1929-ல் கான்சாஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டு அது. செப்பலின் அதை எடுத்து 1971-ல் வேறு உருவம் கொடுத்தார்கள். மின்னியின் பெயரையும் போட்டார்கள். (எல்லா இடத்திலும் இவ்வளவு ஒழுங்காக இருக்கவில்லை. ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டுக்காக ப்ளூஸ்காரர் வில்லி டிக்ஸன் வழக்குப் போட்ட பிறகுதான் 1987-ல் சமரசத்துக்கு வந்தார்கள்.) 1986-ல் பீஸ்டி பாய்ஸ் என்ற மூன்று பையன்கள் பானமின் அந்த டிரம்ஸை மட்டும் வெட்டி எடுத்து, அதன்மேல் ராப் பாடினார்கள். பாட்டின் தலைப்பிலேயே ‘திருட்டு’ என்று பொருள்படும் சொல்லைப் போட்டுக்கொண்ட தைரியசாலிகள். 2016-ல் பியான்ஸே அதே டிரம்ஸை எடுத்து, ராக் கிட்டாரிஸ்ட் ஜாக் வைட்டோடு சேர்ந்து ‘டோன்ட் ஹர்ட் யுவர்செல்ஃப்’ பாடினார். உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பாட்டு அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் 1988-ல் கேட்ட அதே டிரம்ஸ், அவள் காதிலும் ஓடிக்கொண்டிருக்கலாம். நடுவில் நின்றுகொண்டு நீங்கள் சண்டை போடுகிறீர்கள்.

பிங்க் ஃபிளாய்டிலும் ஒன்று பாக்கி இருக்கிறது. ‘டார்க் சைட்’ ஆல்பத்தில் ‘ஆன் தி ரன்’ என்ற துண்டு வருமே, அதை இன்று இரவு போட்டுக் கேளுங்கள். எட்டு ஸ்வரங்களை சிந்தசைசர் என்ற சின்ன மின்னணு இசைக்கருவிக்குள் ஏற்றி, வேகத்தைக் கூட்டி ஓடவிட்டது அது. யாருடையது என்று சொல்லாமல் மகளுக்குப் போட்டுக் காட்டினால், போன வருடம் வந்த டெக்னோ என்பாள். குவீன் குழுவின் கதை தெரிந்திருக்கும்: 1970-களில் ஆல்பம் அட்டையிலேயே ‘சிந்தசைசர் பயன்படுத்தவில்லை’ என்று பெருமையாக அச்சடித்தவர்கள், 1980-ல் அவர்களே சிந்தசைசரைத் தூக்கிக்கொண்டார்கள். அந்த விரதம் உங்களைப் போன்ற ரசிகர்களிடம் மட்டும் இன்னும் தொடர்கிறது.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சத்தம் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1990-களிலிருந்து பல ஆல்பங்களில் மெல்லிய இடமும் பலத்த இடமும் ஒரே உயரத்துக்கு நசுக்கப்பட்டன. கேட்டுக்கொண்டே இருந்தால் காது களைத்துப்போகும். டிரம்ஸ் அடியை எல்லாம் கோடு போட்ட கட்டத்துக்குள் இழுத்து நேராக்கும் வழக்கமும் வந்தது. அதில் மனுஷக் கையின் சின்னத் தயக்கம் காணாமல் போகிறது. ஆனால் இதற்கு எல்லோரும் காட்டும் பெரிய உதாரணம் எது? 2008-ல் வந்த ‘டெத் மேக்னெட்டிக்’. அது அவ்வளவு நசுங்கியிருந்ததால், வீடியோ கேமில் வந்த அதே பாட்டுகள் ஆல்பத்தைவிடத் தெளிவாக இருக்கின்றன என்று ரசிகர்களே கொதித்தார்கள். வெளியிட்டது யாரோ இருபது வயதுப் பையன்கள் இல்லை, 1981-ல் தொடங்கிய மெட்டாலிகா.

இப்போது ராக் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நைஜர் நாட்டில் இருக்கிறது. எம்டூ மொக்தார் என்ற, சஹாரா பாலைவனத்தின் துவாரெக் இனத்துக்காரர், சின்ன வயதில் சைக்கிள் பிரேக் கம்பிகளைத் தந்தியாகக் கட்டித் தானே கிட்டார் செய்து பழகியவர். இடது கையால் வாசிப்பார். செப்பலினின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜின் சோலோவுக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் நீங்கள், இவருடைய 2021 ஆல்பமான ‘ஆஃப்ரிக் விக்டிம்’ கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். ஆஸ்திரேலியாவின் கிங் கிஸர்ட் அண்ட் தி லிஸர்ட் விஸர்ட் 2017-ல் மட்டும் ஐந்து ஆல்பங்கள் போட்டார்கள்; அதில் ஒன்றுக்காகக் கிட்டாரில் கூடுதல் கட்டைகள் வைத்து, வழக்கமான ஸ்வரங்களுக்கு நடுவில் இருப்பவற்றையும் வாசித்தார்கள். ஐந்துமே நன்றாக இருக்கிறதா என்றால், இல்லை. டப்ளினின் ஃபான்டெய்ன்ஸ் டி.சி. இருக்கிறார்கள். இவர்களில் யாரையும் ‘செப்பலின் மாதிரி’ என்று சொல்ல முடியாது. அப்படியே செப்பலின் மாதிரி வேண்டுமென்றால் கிரெட்டா வான் ஃப்ளீட் என்று ஒரு குழு உண்டு, கிராமி விருதுகூட வாங்கியிருக்கிறார்கள். எனக்கு என்னவோ அதைக் கேட்டால் ஒரிஜினலைப் போடத்தான் கை போகிறது.

புதியவர்களைப் பார்த்து மூத்தவர் ஒருவர் நடந்துகொண்ட விதம் ஒன்றையும் சொல்கிறேன். 2021-ல் ஒலிவியா ரோட்ரிகோவின் ‘ப்ரூட்டல்’ வந்ததும், எல்விஸ் கோஸ்டெல்லோவின் 1978 பாட்டான ‘பம்ப் இட் அப்’பைக் காப்பியடித்துவிட்டாள் அந்தப் பெண் என்று ஒருவர் புகார் கிளப்பினார். கோஸ்டெல்லோ என்ன சொன்னார் தெரியுமா? எனக்கு ஆட்சேபணை இல்லை, ராக் அண்ட் ரோல் இப்படித்தான் நடக்கும், நானும் அதைத்தான் செய்தேன் என்றார். தன் பாட்டு பாப் டிலனிடமிருந்து வந்தது, டிலனுடையது சக் பெர்ரியிடமிருந்து வந்தது என்று இரண்டு பாட்டுகளின் பெயரையும் அவரே எடுத்துக் கொடுத்தார். பாட்டைப் பறிகொடுத்ததாகச் சொல்லப்பட்டவருக்கே கோபம் இல்லை. உங்களுக்கு ஏன்?

கடைசியாக மகள் விஷயம். கேட் புஷ்ஷின் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ 1985-ல் வந்த பாட்டு. 2022-ல், 37 வருடம் கழித்து, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதைத் தூக்கிவிட்டவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாட்டு வந்தபோது பிறக்கவே இல்லை. அவர்களை யாரும் உட்காரவைத்து வகுப்பு எடுக்கவில்லை. ஒரு வெப் தொடரில் சரியான காட்சியில் பாட்டு வந்தது, அவ்வளவுதான். நீங்கள் எடுக்கும் வகுப்பு அவளைச் செப்பலின் பக்கமே போகவிடாமல் செய்துவிடும் என்று பயப்படுகிறேன்.

நானும் இதில் அடிபட்டவன். 2000-ல் ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ வந்தபோது, இரண்டு பாட்டு கேட்டுவிட்டு ‘கிட்டார் எங்கே’ என்று மூடி வைத்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவரான உதவி ஆசிரியர், பக்கம் முடிக்கும் ராத்திரிகளில் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பார். ஆறு மாதம் கழித்து நானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அவர் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு இன்றுவரை நான் கடன்பட்டிருக்கிறேன்.

அதனால் ஒன்று செய்யுங்கள். ‘உனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பாட்டைப் போடு’ என்று மகளிடம் கேளுங்கள். போட்டதும் முழுசாகக் கேளுங்கள். நடுவில் பேசக் கூடாது, ‘இது அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது’ என்று சொல்லவே கூடாது, முகத்தைச் சுளிக்கவும் கூடாது. முடிந்ததும் இதில் உனக்கு எந்த இடம் பிடிக்கும் என்று கேளுங்கள். அவள் சொல்லும் இடத்தை இன்னொரு தரம் கேளுங்கள். உங்கள் முறை வரும்போது எட்டு நிமிட ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ வேண்டாம். ‘லெவி பிரேக்ஸ்’ போடுங்கள். முதல் இரண்டு அடியிலேயே அவள் நிமிர்ந்து பார்க்கிறாளா, போனைப் பார்க்கிறாளா என்று எனக்கு எழுதுங்கள். இந்த முறை பெயரோடு போடுகிறேன், மகள் பெயரையும் சேர்த்து, அவள் சம்மதித்தால்.