பதில்: துருக்கியின் அந்தாலியா வளைகுடாவில் உடம்பில் வரிக்கோடு இல்லாத இறால்

வலையில் வந்தது உள்ளூர் இறாலா, வந்தேறியா என்று கேட்டிருந்தீர்கள். உடம்பில் வரியே இல்லை என்கிறீர்கள், அதனால் பெரும்பாலும் வடக்குப் பழுப்பு இறால்தான். அமெரிக்காவின் கிழக்குக் கரையும் மெக்சிகோ வளைகுடாவும் அதன் தாயகம். மத்தியதரைக் கடலில் முதலில் பதிவானது 2009இல், உங்கள் அந்தாலியாவில்தான். கப்பல்கள் நிலைதடுமாறாமல் இருக்க அடியில் நிரப்பும் பாலாஸ்ட் தண்ணீரோடு வந்திருக்கலாம்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், ஐஸில் கிடந்தால் வரிகள் மங்கிவிடும். வாலை விரித்து, நடுவில் ஊசிபோல நீளும் தகட்டைப் பாருங்கள். உள்ளூர் வரி இறாலுக்கு அதன் ஓரங்களில் மூன்று ஜோடிச் சின்ன முட்கள் இருக்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். சூயஸ் கால்வாய் வழியாக வந்த, ‘குருமா’ என்ற இன்னொரு வரி இறாலுக்கும் அப்படித்தான். பழுப்பு இறாலுக்கு அந்த ஓரம் வழவழவென்று இருக்கும்.

சரி, வழவழப்பாக இருந்தால் தயவுசெய்து சும்மா விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டிலும் வாலுக்கு நெருக்கமாகவும் படம் எடுங்கள். ஒன்றிரண்டை முழுசாக உறையவைத்து, பிடித்த தேதி, இடம், ஆழம் எழுதி அருகிலுள்ள மீன்வள ஆய்வாளர்களிடம் கொடுங்கள். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது உங்களைப் போன்றவர்களின் வலையில்தான் முதலில் தெரியவரும்.