எலும்பு மாத்திரை சாப்பிடுபவர் பல் இம்ப்ளான்ட் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 64 வயது. எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதால் மூன்று வருடங்களாக வாரம் ஒரு அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். கீழே கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. அதை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கலாம் என்கிறார் பல் டாக்டர். இந்த மாத்திரையால் தாடை எலும்பு அழுகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் பயமுறுத்தியதால், இரண்டு வாரமாக நிறுத்திவிட்டேன். செய்தது சரிதானா?

பதில்: பயம் புரிகிறது. ஆனால் நீங்களாக நிறுத்தியதில் பலன் ஒன்றும் இல்லை. இந்த மருந்து எலும்போடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் அங்கேயே தங்கிவிடும். இரண்டு வாரத்தில் தாடையிலிருந்து இறங்கிப் போய்விடாது. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் உடனே பேசுங்கள். தொடரத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

உங்கள் நண்பர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. எலும்பில் பழையதைக் கரைக்கும் செல்கள் ஒரு பக்கம், புதிதாகக் கட்டும் செல்கள் ஒரு பக்கம் ஓயாமல் வேலை செய்கின்றன. உங்கள் மாத்திரை அந்தக் கரைக்கும் செல்களை அடக்கி வைக்கிறது. முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் அது நல்லது. தாடையின் கதை வேறு. மெல்லும் அழுத்தத்தால் அங்கே தேய்வதும் புதுப்பிப்பதும் அதிகம். மேலே மூடியிருப்பதோ மெல்லிய ஈறு, சுற்றிலும் கிருமிகள். பல் எடுத்த குழி ஆற அந்தக் கரைக்கும் செல்களும் வேண்டும். அவை மந்தமாக இருந்தால் அரிதாகச் சிலருக்குப் புண் மூடாமல் எலும்பு வெளியே தெரியும். எட்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அதைத் தாடை எலும்புச் சிதைவு என்கிறோம்.

2003-ல் இது முதன்முதலாகக் கவனத்துக்கு வந்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்காக ஊசி போட்டுக்கொண்டவர்கள். அவர்களுக்கு உங்கள் மாத்திரையின் வகையைச் சேர்ந்த சோலெட்ரோனிக் அமிலம் என்ற ஊசி மருந்து 4 மில்லிகிராம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை. எலும்பு அடர்த்திக்கு என்றால் அதே மருந்து 5 மில்லிகிராம், வருடத்துக்கு ஒரே முறை. வித்தியாசம் தெரிகிறதா? உங்களைப் போல மாத்திரை சாப்பிடுபவர்களில் இந்தச் சிக்கல் 10,000 பேருக்குச் சுமார் 2 முதல் 5 பேருக்குத்தான் வருகிறது. புற்றுநோய்க்கு ஊசி போடுபவர் கேட்டிருந்தால் இம்ப்ளான்ட் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். உங்களுக்கு அப்படிச் சொல்லக் காரணம் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று: அந்தப் பல் ஏன் ஆடுகிறது? பெரும்பாலும் ஈறு நோயாகத்தான் இருக்கும். தாடைக்கு மாத்திரையைவிட அந்தச் சீழும் கிருமியும் பெரிய எதிரி. முதலில் ஈறைச் சுத்தம் செய்து, கெட்ட பல்லை எடுத்து, குழி நன்றாக மூடிய பிறகு இம்ப்ளான்ட் பற்றிப் பேசுங்கள். பயந்துகொண்டு அழுகிய பல்லை வாயிலேயே வைத்திருப்பதுதான் மோசம். சர்க்கரை நோய், புகைப் பழக்கம், ஸ்டீராய்டு மாத்திரை இவற்றில் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், கணக்கு மாறும். என்னென்ன மருந்து என்று கேட்டால் தினசரி மாத்திரைகளை மட்டும் சொல்லி, வார மாத்திரையையும் வருட ஊசியையும் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்!

எலும்பு அடர்த்திக்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெனோசுமாப் என்ற வேறு வகை ஊசி போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது எலும்பில் தங்காது; ஆறு மாதத்தில் வேகம் இறங்கிவிடும். அதனால் கடைசி ஊசி போட்டு மூன்று நான்கு மாதம் கழித்துப் பல் வேலையை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த ஊசியை இஷ்டத்துக்குத் தள்ளிப் போட்டால் முதுகெலும்பு அடுத்தடுத்து நொறுங்கும் ஆபத்து உண்டு.

இம்ப்ளான்ட் வைத்துப் பல வருடம் கழித்தும் அதைச் சுற்றிச் சிக்கல் வரலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுங்கள். ஈறு வீக்கம், சீழ், கீழுதட்டில் மரத்த உணர்வு, நாக்கில் சொரசொரவென்று எலும்பு தட்டுப்படுவது என்று எது வந்தாலும் அந்த ஆறு மாதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.