ஒன்றுபோலவே தோன்றும் மீன் இனங்களைப் பிரிக்க உடற்கூறு போதுமா, மரபணுச் சோதனையும் தேவையா?

இரண்டும் தேவை. ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்ய முடியாது என்பதை மீன்வளம் படித்த காலத்திலேயே உணர்ந்தேன்.

காசிமேட்டில் வஞ்சிரத்தைப் பார்த்துப் பழகியபோது, குறுக்குப் பட்டைகள் இருந்தால் ஓர் இனம், புள்ளிகள் இருந்தால் இன்னோர் இனம் என்றே முதலில் நினைத்திருந்தேன். ஆனால் பட்டை வஞ்சிரத்தின் குட்டிகளில் பட்டைகள் குறைவாகவே இருக்கும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பினால் தவறு நேரும். பக்கவாட்டுக் கோட்டைப் பார்க்க வேண்டும்: பட்டை வஞ்சிரத்தில் அது இரண்டாம் முதுகுத் துடுப்பு முடியும் இடத்தின் கீழே சட்டென்று இறங்கும், புள்ளி வஞ்சிரத்திலோ மெல்லச் சரிந்து செல்வதோடு, முன்பகுதியில் நுண்ணிய கிளைகளும் பிரியும். செவுளைத் திறந்து, முதல் வளைவில் சீப்புப் பல்போல் நிற்கும் முட்களை எண்ணினால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பட்டை வஞ்சிரத்தில் அவை எட்டுக்கு மேல் போவதில்லை. ஆனால் தலையும் தோலும் நீக்கிய துண்டாக அதே மீன் வந்தால் இவற்றில் எதுவும் உதவாது. அங்கே மரபணு ஒன்றே வழி.

மரபணுவின் வலிமையை எனக்கு உணர்த்தியது ஐரோப்பியக் கடல்களில் வாழும், முட்டையிடும் பெரிய திருக்கை வகை ஒன்றின் கதை. முன்பு சிலர் இரண்டாகக் கருதியதை 1926இல் கிளார்க் என்பவர் ஒரே இனமாக இணைத்தார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அதுவே நிலைத்தது. 2010 வாக்கில் இக்லேசியாஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் பிரான்சின் மீன் இறங்குதளங்களில் உடல் அமைப்பையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்தபோது, அவை இரண்டு இனங்கள் என்பது உறுதியானது. கண்மணியைச் சுற்றியுள்ள வளையம் ஒன்றில் வெளிர் மஞ்சள், மற்றதில் ஆலிவ் பச்சை. ஒன்றின் பெண் மீன் சுமார் 123 சென்டிமீட்டர் நீளத்திலேயே முதிர்ச்சி அடைய, மற்றது சுமார் 198 சென்டிமீட்டர் வரை வளர வேண்டும். அவ்வளவு தாமதமாக இனப்பெருக்கம் செய்யும் பெரிய இனத்தை மீன்பிடி மிக எளிதில் அழித்துவிடும். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதியதால் அதன் சரிவு கண்ணுக்குத் தெரியாமலே போனது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி.

இதற்காக மரபணுவை மட்டும் நம்பிவிடவும் கூடாது. வழக்கமாகப் படிக்கப்படும், சுமார் 650 மரபணு எழுத்துகள் கொண்ட மைட்டோகாண்டிரியப் பகுதி (உயிரணுவுக்கு ஆற்றல் தரும் உறுப்பிலுள்ள மரபணுவின் ஒரு துண்டு) தாயிடமிருந்து மட்டுமே வருவதால், கலப்பினக் குஞ்சும் தாயின் இனமாகவே முடிவில் தெரியும். மேலும், ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் மரபணுப் பதிவே தவறாகப் பெயரிடப்பட்ட மீனிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், அந்தப் பிழை ஒவ்வொரு சோதனையிலும் தொடரும். அதைக் கண்டுபிடிக்கச் செவுள் முட்களை எண்ணத் தெரிந்த ஒருவரும், எண்ணிப் பார்ப்பதற்கு அந்த மீனும் இருக்க வேண்டும்.

எனவே மாதிரி சேகரிப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: மீன் புதிதாக இருக்கும்போதே கண்ணின் நிறம் தெரியும்படி படமெடுங்கள், ஏனெனில் பதப்படுத்திய பின் அந்த நிறம் நிலைக்காது, உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவம் மரபணுவைச் சிதைக்கும் என்பதால், உடலை அதில் இடுவதற்கு முன் சிறிதளவு தசையை வெட்டி 95 சதவீத எத்தனாலில் தனியே வைத்து, இரண்டு புட்டிகளுக்கும் ஒரே எண்ணை எழுதுங்கள்.