ஐ-லீக் கால்பந்து: கேள்வி பதில்

கேள்வி (திருப்பூர்): சென்னையின் எஃப்.சி. ஏன் ஐ-லீக்கில் ஆடுவதில்லை?

அது ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) என்ற வேறு லீக்கின் அணி. ஐ-லீக்கில் ஆடியது சென்னை சிட்டி. அணியும் வேறு, மைதானமும் வேறு.

கேள்வி (கோவை): சென்னை சிட்டி ஜெயித்தது இரண்டாம் டிவிஷன் கோப்பைதானே என்று நண்பர்கள் மட்டம் தட்டுகிறார்கள்.

ஆண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 2007இல் தொடங்கியபோது ஐ-லீக்தான் நாட்டின் முதல் நிலை லீக். 2014இல் ஐ.எஸ்.எல். வந்த பிறகும், ஆசிய சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு சில ஆண்டுகள் ஐ-லீக் சாம்பியனுக்கே போனது. சென்னை சிட்டி ஜெயித்த 2018-19 அந்தக் காலம். கடைசி நாளில் கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப்தான் முதல் கோல் போட்டது. பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா இரண்டு கோல், 3-1. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது. 43க்கு 42, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை நம்முடையது. அதை யாரும் மட்டம் தட்ட விடாதீர்கள்.

கேள்வி (மதுரை): ஐ-லீக்கில் ஜெயித்தால் ஐ.எஸ்.எல். போகலாமா?

2022-23 முதல் போகலாம். அந்த ஆண்டு பஞ்சாப், அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங். ஆனால் கிளப் லைசென்ஸ் நிபந்தனைகளையும் நிறைவேற்ற வேண்டும்.

கேள்வி (சேலம்): சென்னையின் ஏன் ஐ-லீக்கில் இல்லை?

திருப்பூர் நண்பருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (கோவாவில் வேலை பார்ப்பவர்): 2024-25இல் 40 புள்ளியோடு முதலில் முடித்தது சர்ச்சில் பிரதர்ஸ். 39 எடுத்த இன்டர் காசி எப்படி சாம்பியன்?

காசி 0-2 என்று தோற்ற ஆட்டத்தில் எதிரணி நாம்தாரி, தடையில் இருந்த வீரரை இறக்கியது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்குக் குழு வெற்றியைக் காசிக்குக் கொடுத்தது, மேல்முறையீட்டுக் குழு அதை மாற்றியது. வழக்கு சுவிட்சர்லாந்தின் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போனது. மூன்று புள்ளி திரும்பக் கிடைத்தது, 42.

அவரே மறுபடி: கோப்பையை மைதானத்தில் ஜெயிக்கணும், கோர்ட்டில் இல்லை.

தடையில் இருப்பவரை ஆட விட்டால் அது மைதானத்தில் நடந்த தவறு. அதைக் கண்டும் காணாமல் விட்டால் கார்டு வாங்காமல் கவனமாக ஆடுபவன்தான் ஏமாந்து போவான்.

திருச்சியிலிருந்து ஒருவர் குறுக்கிட்டு: காசி மட்டும் ஒழுங்கா? தன் வீரர் மரியோ பார்கோவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி பதிவு செய்யவில்லையா?

நியாயமான கேள்வி. அதை வைத்துத்தான் காசியின் புள்ளிகளில் கை வைத்தார்கள். அந்த முடிவையும் நடுவர் நீதிமன்றம் ரத்து செய்து, 2025 ஜூலையில் காசியை சாம்பியனாக அறிவித்தது. என் கோபம் சர்ச்சில் மீதும் இல்லை, காசி மீதும் இல்லை. ஏப்ரலில் முடிந்த லீக்குக்கு ஜூலையில் சாம்பியன்! வீரர்கள் எந்த நம்பிக்கையில் அடுத்த ஒப்பந்தம் போடுவார்கள்? தகுதித் தகராறை அந்த வாரமே முடிக்க வேண்டும்.

கேள்வி (வேலூர்): சென்னை சிட்டியும் சென்னையினும் ஒன்றா?

இல்லை. மூன்றாவது முறை சொல்கிறேன், இல்லை.

கேள்வி (தஞ்சாவூர்): ஐ.எஸ்.எல்.லில் கடைசியாக வரும் அணி கீழே இறங்குமா?

2024-25இலிருந்து இறக்க வேண்டும் என்பது 2019இல் போட்ட திட்டம். அந்த சீசனில் யாரையும் இறக்கவில்லை.